பின் இடது, உள்டயர்

கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி.
சீட்டெல்லாம் கழற்றி
ஒரு கட்டில், ஓர் அடுப்பு, இருநூறு லிட்டர் தண்ணீர்த்தொட்டி.
ஏறிய பாரம் எவ்வளவென்று
டயருக்குத் தெரியும்.
வில்பிரட்டுக்குத் தெரியாது.

செருப்புக்காலால் ஓர் உதை உதைப்பான்,
தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பான்,
"காத்து கொள்ளாம்" என்பான்.

உதை எட்டாத டயர்கள் இரண்டு உண்டு.
பின்னால், ஜோடியில் உள்பக்கம் நிற்பவை.
அது தொய்ந்து போனாலும்
வெளியே நிற்பது நிமிர்ந்தே நிற்கும்,
ரெண்டு ஆள் சுமையைத் தூக்கிக்கொண்டு,
சூடேறிக்கொண்டு,
ஆரல்வாய்மொழிக்கோ பணகுடிக்கோ அப்பால்
ஒரு நட்டுச்சியில் வெடிக்கும்வரை.

அதனால் வாங்கினேன்.
ஆறு மூடி, உள்ளங்கையளவு ஒரு திரை.
"ஏட்டி மேபல், டயருக்கும் ஐ.சி.யூ.வா?"
ஆமாம் என்றேன்.
மஸ்கட்டில் பதினேழு வருஷம்
எண்களோடு ராத்திரி உட்கார்ந்த கைதான்
ஒவ்வொன்றாகத் திருகியது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஐம்பத்தெட்டு.
வில்லுக்குறி பள்ளம் பள்ளமாக, அறுபத்திரண்டு.
சூட்டுக்கு ஏறும், பயமில்லை.
முப்பந்தலில் காற்று வண்டியின் விலாவில் அறைந்தது.
மலை வாயில் நின்று
ஊரே காற்றை அறுவடை பண்ணுகிற இடத்தில்
ஆறு கிண்ணம் காற்றைப்
பொத்திப் பொத்திக் கொண்டுபோனோம்.

திரும்பி வந்து தோவாளையில் படுத்தோம்,
பூச்சந்தைக்குப் பக்கத்தில்.
ரெண்டே முக்காலுக்கு அது கத்தியது.

பின் இடது உள். நாற்பத்தொன்பது.
நாற்பத்தெட்டு.
வில்பிரட் புரண்டு படுத்தான்.
முதல் வருஷத்தில் எனக்கு ஒருத்தி சொன்னது,
மணியடித்தால் மெஷினைப் பார்க்காதே,
கட்டிலைப் பார்.

இறங்கினேன்.
கேந்திமூட்டை இறக்கிக்கொண்டிருந்த பையன்,
சுயம்பு என்று பேர் சொன்னான்,
செல்போனில் வெளிச்சம் பிடித்தான்.
முழங்கையில் கிரீஸ், முடியில் பிச்சிக்காம்பு.
பாத்திரம் கழுவும் சோப்பை
வால்வில் தடவிக் காத்திருந்தேன்.

ஆணி இல்லை. கீறல் இல்லை.
நான் திருகிய மூடியின் ஓரத்தில்
ஒரு குமிழ்,
உடைந்து,
இன்னொரு குமிழ்.

"அக்கா, காவலுக்கு வச்சவனே களவாணியா?"
சுயம்பு சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை. மரை கோணலாக ஏறியிருந்தது,
ஏற்றியது நான்.

பழைய கறுப்பு மூடி
அடுப்புக்குக் கீழே தீப்பெட்டியில் இருந்தது.
அதைப் போட்டேன். குமிழ் நின்றது.
விடிந்ததும் பெட்ரோல் பங்கில் காற்றடித்தோம்.
வில்பிரட் எதுவும் கேட்கவில்லை.
மூடியை மட்டும் வாங்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

திரையில் ஐந்து எண்.
ஆறாவது இடத்தில் கோடு, ஒரு சின்னக் கோடு.
கோட்டை வேறுவிதமாகப்
படித்துப் பழகியவள் நான்.
சுங்கான்கடை தாண்டும்வரை பொறுத்தேன்,
பிறகு முதலுதவிப் பெட்டியில் தேடி
ஒரு துண்டு பிளாஸ்டர் எடுத்து
அதன்மேல் ஒட்டினேன்.

தக்கலைக்கு முன்னால்
நான் சொல்லாமலே வண்டியை ஓரம் கட்டினான்.
குடைக்கம்பியோடு இறங்கி
மண்ணில் மல்லாந்து படுத்து
அச்சுக்கடியில் கையை நீட்டித் தட்டினான்.
ஒரு தரம். இன்னொரு தரம்.
பஸ் ஒன்று ஹாரனடித்துக்கொண்டே போனது.

கண்ணாடியை இறக்கி
எட்டிப் பார்த்தேன்.
கால் ரெண்டும் மட்டும் தெரிந்தது.
"எப்படி?" என்றேன்.

"இரு, கேக்கட்டு."